நாலு மார்க் தூரம்

நாலே நாலு மார்க்கில் போயிற்று.

கண்ணாடிக்காரர் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டும் பார்த்தார். அறுநூற்று முப்பத்தாறு, அறுநூற்று முப்பத்தாறாகவே இருந்தது. மகள் சேரவேண்டிய கல்லூரியில் நுழைவுத் தேர்வில் அறுநூற்று நாற்பது எடுத்தவர்களுக்குத் தகுதி உதவித்தொகை என்று முழுக் கட்டணமும் தள்ளுபடி. அதற்குக் கீழே என்றால் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்கு எங்கே போவது என்பதைப் பற்றிக் கல்லூரி ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரர் என்றால் கடைக்குச் சொந்தக்காரர் இல்லை. முதலாளியின் கடையில், பின்பக்கத்து இருட்டறையில், வருகிறவர்களின் மூக்கில் கனமான சட்டத்தை ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவர் உத்தியோகம். வண்டி ஓட்டும் உரிமத்துக்காகச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசி வரி எழுத்துகளை வெளியிலேயே நெட்டுருப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் பொதுவாகத் தேர்வுகளின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. மகளின் தேர்வு மட்டும் விதிவிலக்கு.

"பரவால்லப்பா," என்றாள் மகள். "கால் பங்கு வருதில்ல. மீதிக்கு நான் சாயங்காலம் எங்கயாவது வேலை பாக்கறேன்."

அவள் எப்போதும் இப்படித்தான். எதிலும் பாதியிலேயே திருப்திப்பட்டுவிடுவாள் என்பது அவர் மனத்தாங்கல். அவர் கல்லூரிக்குப் போன் போட்டார். அங்கே பேசிய பெண், இன்னொரு தடவை எழுதலாம், எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று சொன்னாள். நாலு மார்க் என்பது மாடிப்படியில் ஒரு படி மாதிரி அவருக்குத் தோன்றியது. காலைத் தூக்கி வைக்கவேண்டியதுதான் பாக்கி.

அந்தப் படியில் ஏற்றிவிட மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி. காப்பீடு விற்கிறவர். எந்தப் பேச்சையும் "அதுல ஒரு நெளிவுசுளிவு இருக்கு அத்தான்" என்றுதான் ஆரம்பிப்பார். வெறுமனே படித்தால் மார்க் வராது, தேர்வு எழுதுவதற்கென்றே தனி வித்தை இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார்.

மாஸ்டரின் பயிற்சி நிலையம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. ஏறிப்போகும்போதே புதுத் தோலின் வாசம் அடிக்கும். மாஸ்டர் பாடம் எதுவும் நடத்துவதில்லை. கேள்வியைப் படிக்காமல் விடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நடத்தினார். தெரிந்த கேள்வி வந்தால் சந்தேகப்பட வேண்டும், தெரியாத கேள்வி வந்தால் மூன்றாவது விடையைக் குறிக்கவேண்டும், எதிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. சில வாரங்களில், "சாப்பிட வர்றியா?" என்று அம்மா கேட்டால்கூட மகள் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

இரண்டாவது தடவை அறுநூற்றுப் பதினொன்று வந்தது.

வீட்டில் அன்று யாரும் விளக்குப் போடவில்லை. அவரவர் இருந்த இடத்திலேயே இருட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் கலங்கவில்லை. பழைய பழக்கம் உடைந்து புதுப் பழக்கம் உட்காருவதற்கு முன்னால் இப்படிக் கொஞ்சம் இறங்கும், இது ரொம்ப நல்ல அறிகுறி, இந்தக் கட்டத்தில் விடாமல் உயர்நிலை வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்றார். உயர்நிலை வகுப்புக்காகக் கண்ணாடிக்காரரின் ஸ்கூட்டர் கைமாறியது. அவர் கடைக்கு நடந்து போக ஆரம்பித்தார். நடப்பது உடம்புக்கு நல்லது என்று மச்சான் சொன்னார், தன் வண்டியில் உட்கார்ந்தபடியே.

மூன்றாவது தடவை எழுநூற்று நாற்பத்திரண்டு.

துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு அவர் போனில் சொன்னபோது, பின்னால் யாரோ "பில்லப் போடுங்கம்மா" என்று அதட்டுவதும் அவள் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. மகள் கைப்பேசியை வாங்கிப் பிரிவு பிரிவாகப் போட்டிருந்த மார்க்குகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தப்பா இருக்குமோப்பா?"

"முப்பத்தாறு வந்தப்ப தப்பா இருக்குமோன்னு யாராவது கேட்டமா?" என்றார் அவர். "நல்லது வந்தா வாங்கி வெச்சுக்கணும்."

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடக்கம் என்று அவர் பூரித்துப்போனார்.

அந்த வாரம் கண் காட்ட வந்தவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. மூக்கின் மேல் சட்டத்தை ஏற்றிவிட்டால் எழுந்து ஓடவும் முடியாது. இருட்டில் உட்கார்ந்து எழுநூற்று நாற்பத்திரண்டின் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வெளிச்சத்துக்கு வரவேண்டியிருந்தது. கல்லூரிக்கும் போன் போட்டு, கால் பங்கெல்லாம் எங்களுக்கு வேண்டாம், அதை வேறு யாராவது முடியாதவர்களுக்குக் கொடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுத்திலும் கொடுத்தார்.

கீழ்வீட்டுக்காரரையும் விடவில்லை. குளிர்பெட்டி பழுதுபார்க்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் மகளும் இவர் மகளும் ஒரே வகுப்பு, ஒரே கூடத்தில்தான் தேர்வும் எழுதினார்கள். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிற அந்தப் பெண்ணுக்கு இந்தத் தடவை அறுநூற்று முப்பத்தொன்பதுதான் வந்திருந்தது. ஒரே ஒரு மார்க்கில் போய், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று கேள்வி. கண்ணாடிக்காரர் படியிறங்கிப் போய், எல்லாருக்கும் எல்லாமும் கிடைத்துவிடுமா, சில குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தோடு ஓட்டம் நின்றுவிடும், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். கீழ்வீட்டுக்காரர் கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை தேர்வு அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. மகளின் மூன்றாவது மதிப்பெண் குறித்துப் புகார் வந்திருப்பதால் அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. குறுகிய காலத்தில் இவ்வளவு உயர்ந்ததற்கு விளக்கம் அனுப்பவேண்டும்.

"புகாரா? யாரு?" என்றார் கண்ணாடிக்காரர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மச்சானின் வண்டிச் சத்தம் வாசலில் கேட்டுவிட்டது.

யார் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள் என்றார் மச்சான். பள்ளி முத்திரை இருந்தால் போதும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை, காப்பீட்டில் தான் பார்க்காததா என்றார். வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி. முழுசாக ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார். கண்ணாடிக்காரர் முதல் வரியில் "நற்குணம்" என்ற சொல்லையும் கீழே முத்திரையையும் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பினார். நகலை மனைவி அன்று சாயங்காலம்தான் நிதானமாகப் படித்தாள்.

"என்னங்க, இதைப் படிச்சீங்களா?"

"ஏன், நல்லாத்தானே எழுதியிருக்காங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. 'இந்த மாணவியிடம் ஏற்ற இறக்கம் என்பதே கிடையாது. ஐந்து ஆண்டுகளாக இம்மி பிசகாமல் ஒரே நிலையில் இருந்துவருகிறாள்.'"

அலுவலகத்திலிருந்து இரண்டாவது செய்தி வந்தது. கடிதம் பெறப்பட்டது, கவனத்தில் கொள்ளப்பட்டது. இதற்கிடையில் மேலும் ஒரு புகார் வந்திருக்கிறது.

இப்போது கண்ணாடிக்காரருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஒரே மார்க்கில் கோட்டை விட்டவருக்குத்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல் வரும். காலையில் படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"சில பேர் பார்வைக்கு எந்த வில்லை போட்டாலும் சரியாகாது சார்," என்றார் இவர்.

கீழ்வீட்டுக்காரர் யோசித்தார். "எனக்குக் கண்ணு இன்னும் நல்லாத்தான் சார் இருக்கு. வந்தா உங்ககிட்டதான் வருவேன்," என்றார். இந்தப் பணிவான பதிலை உலகமகா கள்ளத்தனம் என்று கண்ணாடிக்காரர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தார். அன்றிலிருந்து மாடி வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு நின்றது. துணி காயப்போடும் கொடிகூட இரண்டாகப் பிரிந்தது. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை அப்பா என்று மகள் மன்றாடினாள். உலகம் தெரியாத பெண் என்று அவர் வருத்தப்பட்டார்.

மாஸ்டர் தானாகவே உதவிக்கு வந்தார். மார்க் ஏறியது தன் பயிற்சியால்தான் என்று அலுவலகத்துக்குச் சான்றிதழ் அனுப்பினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மகளின் முகத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து, 'அன்று 611, இன்று 742, நாளை நீங்கள்' என்று பெரிய பதாகையும் கட்டிவிட்டார். மகள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, சந்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனாள். சாயங்காலங்களில் வீட்டுக்கு வர நேரமாயிற்று. கேட்டால், நூலகம் என்றாள்.

தேர்வு அலுவலகத்தார் பதாகையைப் பார்த்திருக்க வேண்டும். இப்படி ஒரே தாவாகத் தாவ வைக்கும் பயிற்சி என்ன பயிற்சி, கேள்விகள் முன்கூட்டியே கிடைக்கின்றனவா என்று மாஸ்டரிடம் விளக்கம் கேட்டார்கள். செருப்புக் கடை மாடியில் படித்த அத்தனை பிள்ளைகளின் மார்க்கும் நிறுத்திவைக்கப்பட்டது. மறுநாள் கண் பரிசோதனைக்கு என்று வந்த ஐந்தாறு தாய்மார்களில் ஒருவர்கூடக் கண்ணைக் காட்டவில்லை. உன் பெண்ணால்தானே எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதி என்று பின்னறையை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் நீங்கள் முன்பக்கம் வரவேண்டாம் என்று கண்ணாடிக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னார். மாஸ்டர் பதாகையைக் கழற்றினார். அதைச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் வாங்கித் தன் தட்டிக்கு மேல் கூரையாக இழுத்துக் கட்டிக்கொண்டார். மகளின் ஒற்றைக் கண் மட்டும் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது செய்தியில் மேலும் ஒரு புகார் இருந்தது. இந்தத் தடவை, புகார்தாரர் மாணவியின் பயிற்சி பற்றியும் முந்தைய தேர்வுகள் பற்றியும் விவரமாகத் தெரிவித்திருப்பதாக எழுதியிருந்தார்கள்.

விவரமாக. கண்ணாடிக்காரர் அந்தச் சொல்லைச் சட்டத்தில் மாட்டி எல்லா வில்லையும் போட்டுப் பார்த்தார். வீட்டுக்குள் புழங்குகிறவனுக்குத்தான் இவ்வளவு விவரம் தெரியும். மச்சானின் மகன் அடுத்த வருடம் இதே கல்லூரிக்கு முயல்கிறான். பயிற்சிக்கு அனுப்பச் சொன்னது யார்? டீச்சர் கடிதத்தைப் படிக்காதே என்று சொன்னது யார்? மாஸ்டர் யாருடைய ஆள்?

அன்று சாயங்காலம் மச்சான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"அத்தான், என்னைப் பாத்தா கேக்கறீங்க?"

"வேற யாரைப் பாத்துக் கேக்கறது. கீழ்வீட்டுக்காரனும் நீயும் சேர்ந்து செஞ்சீங்களா, தனித்தனியா செஞ்சீங்களா, அதை மட்டும் சொல்லிடு."

மச்சான் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார். இந்த வீட்டு வாசல்படியை இனி மிதித்தால் தன் பெயரை மாற்றி வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மனைவி அந்தக் காபியைக் கொட்டாமல் அப்படியே மேசைமேல் வைத்தாள். ஆடை படிந்து அது இரண்டு நாள் அங்கேயே இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் புருஷனோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "ஆறிடும்" என்று மட்டும் சொன்னாள்.

மகள் இளைத்துவிட்டிருந்தாள். ஒருநாள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த உதவித்தொகையே நமக்கு வேண்டாம் அப்பா, விட்டுவிடலாம் என்றாள். உழைத்து வாங்கிய மார்க்கை எவனோ ஒருவனுக்குப் பயந்து விட்டுக்கொடுப்பதா என்று அவர் கேட்டார்.  அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நெடுநாளைக்குப் பிறகு அப்படிச் செய்ததால் இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

விசாரணைக்கு நேரில் வரச்சொன்னார்கள். தேர்வு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மேலே போனதும் மகளை ஒரு அறையில் உட்காரவைத்து, வெள்ளைத்தாள் கொடுத்து, ஒரு பக்கம் ஏதாவது எழுதச் சொன்னார்கள். கண்ணாடிக்காரரை அதிகாரி தன் அறைக்குள் கூப்பிட்டார். ஜலதோஷம் பிடித்த மனிதர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

கண்ணாடிக்காரர் தயாரித்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தார். மகளின் உழைப்பு, விற்ற ஸ்கூட்டர், பொறாமை பிடித்த அக்கம்பக்கம், கூட இருந்தே குழிபறித்த உறவு. அதிகாரி கடைசிவரை கேட்டுவிட்டு, மேசைமேல் இரண்டு விடைத்தாள்களை அருகருகே வைத்தார்.

தப்பு எங்களுடையதுதான் என்றார் அவர். உங்கள் மகளும் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணும் எழுதிய தாள்களில் பெயர் போட்ட முகப்பு மாறிக் கோக்கப்பட்டுவிட்டது. கட்டுரைப் பகுதியின் கையெழுத்தைப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். இதுவரை நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எழுநூற்று நாற்பத்திரண்டு அந்தப் பெண்ணுடையது.

"அப்ப என் பொண்ணோடது?"

"அறுநூத்தி முப்பத்தொன்பது."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதிலோ இடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் அதையே அண்ணாந்து பார்த்தார். ஒரு மார்க். பக்கத்திலேயே, எழுத்தில் எழுதிக்கொடுத்துத் தொலைத்த கால் பங்கும் அவருக்கு நினைவு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் யார் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த பெயரை அவரால் இந்தத் தூரத்திலிருந்தே கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது. கீழ்வீட்டுப் பெண்ணின் பெயர்.

அவர் எழுந்து வெளியே வந்தார். எல்லாம் போன பிறகும் உள்ளே ஒரு மூலையில் ஏதோ ஒரு சின்ன நிம்மதி ஒட்டிக்கொண்டிருந்தது. தான் ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்ததில் நியாயம் இருக்கலாம், ஆனால் கொடுத்தது அவர்தான். சிரித்துச் சிரித்து, கண் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வந்து கொடுத்திருக்கிறார். மச்சானிடம் வேண்டுமானால் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். இந்த ஆளிடம் முடியாது.

வாசலில் வருகையாளர் சீட்டைத் திரும்ப வாங்குகிற கவுன்டரில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். யார் எவர் என்று கேட்காமலே சீட்டை வாங்கிக் கம்பியில் குத்தினாள். கண்ணாடிக்காரருக்கு வாயை அடக்க முடியவில்லை.

"அந்த எழுநூத்தி நாற்பத்திரண்டு விவகாரம் இருக்கே, அதுக்குப் புகார் குடுக்க ஒருத்தர் இங்க வந்துட்டே இருந்திருப்பாரே. குளிர்பெட்டி மெக்கானிக், ஒல்லியா, கையில திருப்புளியோட."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படி யாரும் வரலீங்களே. உள்ள உக்காந்து ஒரு பக்கம் எழுதிட்டிருக்கே, அந்தப் பொண்ணுதான் மூணு தடவையும் வந்து, 'இவ்வளவு என்னோடது இல்ல, யாரோடதோ எங்கிட்ட வந்திடுச்சு'ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. முதல் ரெண்டு தடவை நாங்க யாருமே நம்பல."